ரூபாய்க் குறி ஏறாத வண்டி

வங்கியிலிருந்து கடைசியாக வந்த குறுஞ்செய்தியைத் திறந்து பாருங்கள். பணம் போனது என்றோ வந்தது என்றோ சொல்லும் செய்தி. தொகைக்கு முன்னால் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'ஆர்.எஸ்.' என்று இரண்டெழுத்து. இல்லாவிட்டால் 'ஐ.என்.ஆர்.' என்று மூன்றெழுத்து. ₹ என்ற குறியை அங்கே காண்பது அரிது. ரூபாய் நோட்டில் அது இருக்கிறது, நாணயத்தில் இருக்கிறது, தெருமுனை டீக்கடையின் விலைப்பலகையில் இருக்கிறது. அதே வங்கியின் செயலிக்குள் போனால் அங்கேயும் இருக்கிறது. குறுஞ்செய்திக்கு மட்டும் வராது.

இத்தனைக்கும் அந்தக் குறியை வரைந்தவர் நம்மூர்க்காரர், கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனின் பவுண்டுக் குறி குறுஞ்செய்தியில் தாராளமாகப் போகிறது. ஜப்பானின் யென் போகிறது. கிரேக்க மொழியின் 'ஒமேகா' போகிறது, ஜெர்மானியரின் இரட்டை 'எஸ்' போகிறது, ஸ்பானியர் கேள்விக்கு முன்னால் தலைகீழாகப் போடும் கேள்விக்குறிகூடப் போகிறது. நம் ரூபாய் ஏறினால் மட்டும் வண்டியின் கொள்ளளவு பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. அந்தக் கதை 1985-இல், ஜெர்மனியின் பான் நகரத்தில், ஒரு தட்டச்சுப்பொறியின் முன்னால் தொடங்குகிறது.

ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் அப்போது ஜெர்மன் தொலைத்தொடர்புத் துறையில் இருந்தார். ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாக ஜி.எஸ்.எம். என்ற செல்பேசி முறையை உருவாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் எழுத்துச் செய்தியும் அனுப்பலாம் என்று அவரும் பிரான்சைச் சேர்ந்த பெர்னார்ட் கிலபேரும் யோசித்தார்கள். அதற்கென்று தனித் தடம் போட்டால் செலவு ஏறும். ஏற்கெனவே இருக்கும் ஒரு தடத்தில் காலி இடம் இருந்தது.

நாம் பேசாமல் பையில் போட்டு வைத்திருக்கும்போதும் கைப்பேசி சும்மா இருப்பதில்லை. 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று கோபுரத்துக்கு அவ்வப்போது சொல்லும். 'உனக்கு ஓர் அழைப்பு வருகிறது, மணி அடி' என்று கோபுரம் இதற்குச் சொல்லும். இந்தச் சின்னச் சின்ன உத்தரவுகள் போக வர ஒரு தடம் உண்டு. குரல் அதில் போகாது, உத்தரவு மட்டும்தான். நாளில் பெரும்பகுதி நேரம் அது காலியாகவே கிடக்கும். அந்தக் காலி நேரத்தில் எழுத்தை ஏற்றி அனுப்பலாமே என்பதுதான் யோசனை. பால் வண்டி ஊருக்குப் போகிறது, ஓரத்தில் இந்த மூட்டையையும் போட்டு விடுவோம் என்பது போல. ஓசி சவாரி என்பதால் மூட்டை சின்னதாக இருக்க வேண்டும். உத்தரவுத் தடத்தில் ஒரு தவணையில் ஏற்றக்கூடிய எழுத்துச் சுமை 140 பைட் என்று முடிவானது.

140 பைட் என்றால் 1,120 பிட். கணினிக்கு ஒரு பைட் என்பது எட்டு பிட். எழுத்துக்கு எட்டு என்று கொடுத்தால் 140 எழுத்துதான் போகும். பொறியாளர்கள் ஒவ்வோர் எழுத்திலும் ஒரு பிட்டைப் பிடித்தம் செய்தார்கள். எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்று வைத்து, 1,120-ஐ ஏழால் வகுத்தால் 160. அந்தப் புகழ்பெற்ற 160 இப்படி வந்ததுதான்.

160 எழுத்தில் மனிதன் உருப்படியாக எதையாவது சொல்ல முடியுமா? ஹில்லபிராண்ட் தட்டச்சுப்பொறியில் உட்கார்ந்து, மனம்போன போக்கில் வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, இடைவெளி உட்பட ஒவ்வோர் எழுத்தாக எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே 160-க்குள் அடங்கின. அஞ்சலட்டைகளைப் பார்த்தார், டெலக்ஸ் செய்திகளைப் பார்த்தார். அங்கேயும் மக்கள் அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். போதும் என்று தீர்மானித்தார். அந்தக் காலத்துத் தமிழ்நாட்டு அஞ்சலட்டை ஒன்றை யாராவது அவரிடம் காட்டியிருக்க வேண்டும். முகவரிப் பக்கத்தின் ஓரம்வரை நுணுக்கி நுணுக்கி எழுதி, கடைசியில் 'மற்றவை நேரில்' என்று முடிப்போமே, அதைப் பார்த்திருந்தால் கணக்கு மாறியிருக்கலாம்.

ஏழு பிட்டில் எத்தனை வேறுவேறு எழுத்தைக் குறிக்கலாம்? இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. அந்த 128 இருக்கைகளையும் ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் போக மீதியில் ஸ்காண்டிநேவியருக்குச் சில, ஜெர்மானியருக்குச் சில, ஸ்பானியருக்குச் சில. கிரேக்கத்துக்குப் பத்தே பத்து எழுத்து. கிரேக்கத்தின் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் ஆங்கில எழுத்தைப் போலவே இருக்கும் என்பதால், அவற்றுக்கு ஆங்கில எழுத்தையே போட்டுக்கொள்ளட்டும், மாறுபட்டவை பத்துக்கு மட்டும் இடம் கொடுப்போம் என்ற சிக்கனம். பின்னால் பிறந்த யூரோவுக்கே நேரடி இருக்கை இல்லை. அதை ஒரு துணைப் பட்டியலில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஒரு யூரோக் குறி இரண்டு எழுத்தின் இடத்தைத் தின்னும். 2010-இல் பிறந்த ரூபாய்க் குறிக்குத் துணைப் பட்டியலிலும் இடமில்லை. தமிழுக்கு எப்போதுமே இல்லை.

பட்டியலில் இல்லாத ஓர் எழுத்து செய்திக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும்? அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் சலுகை கிடையாது. செய்தி முழுவதுமே வேறு முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் எழுத்துக்கு 16 பிட். 1,120-ஐ 16-ஆல் வகுத்தால் 70. ஆக, 'ஆர்.எஸ்.' என்று எழுதினால் 160 எழுத்து, ₹ என்று எழுதினால் 70. வங்கிக்கு அந்தக் குறியின் மேல் பகை ஒன்றும் இல்லை. கூட்டல் கழித்தல்தான்.

70-ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகும், அந்தப் பக்கம் கைப்பேசி ஒட்டித் தரும். ஒட்டுவதற்கு அடையாளம் வேண்டும் அல்லவா? இது எந்தச் செய்தியின் துண்டு, மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது என்று ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆறு பைட் போய்விடும். அதனால் நீளமான செய்தியில் ஒரு துண்டுக்கு 160 இல்லை, 153. மற்ற முறையில் 70 இல்லை, 67. மொத்தமாகச் செய்தி அனுப்பும் கடைக்காரருக்கு ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. ஒரு ஜவுளிக்கடைக்காரர் தீபாவளித் தள்ளுபடி பற்றி 160 எழுத்தில் கச்சிதமாக ஆங்கிலச் செய்தி ஒன்றைத் தயார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் எழுதி, அப்படியே எடுத்து ஒட்டுகிறார். அந்த எழுத்துச் செயலி, நேர் மேற்கோள்குறியை அழகுக்காக வளைத்து வைத்திருக்கிறது. வளைந்த மேற்கோள்குறி பட்டியலில் இல்லை. 160-ஐ 67-ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்று துண்டு. ஒரு மேற்கோள்குறியின் நெளிவுக்கு மூன்று மடங்கு காசு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பில் வரும்போதுதான் தெரியும்.

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற 22 வயது இளைஞர் கணினியில் அடித்து, வோடஃபோன் அதிகாரி ரிச்சர்ட் ஜார்விஸின் கைப்பேசிக்கு அனுப்பினார். கிறிஸ்துமஸ் வாழ்த்து, அவ்வளவுதான். வாங்கிய கைப்பேசியில் பதில் எழுத வசதி இல்லை. இன்றைக்கு வங்கி அனுப்பும் செய்திக்கும் நம்மால் பதில் எழுத முடிவதில்லை, அதன் காரணம் வேறு.

அந்தக் காரணம் செய்தியின் தலைப்பில் இருக்கிறது. வங்கிச் செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதில்லை. 'விஎம்', 'ஏடி', 'ஜேடி' என்பது போல இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு கோடு, பிறகு நிறுவனத்தைக் குறிக்கும் ஆறெழுத்து. தொழில்காரர்கள் இதை 'ஹெடர்' என்பார்கள். முதல் எழுத்து செய்தியை ஏற்றிவிட்ட தொலைத்தொடர்பு நிறுவனம்: ஏர்டெல்லுக்கு 'ஏ', ஜியோவுக்கு 'ஜே', வோடஃபோனுக்கு 'வி', பிஎஸ்என்எல்லுக்கு 'பி'. இரண்டாம் எழுத்து ஏற்றிய வட்டாரம்: டெல்லிக்கு 'டி', மும்பைக்கு 'எம்', கர்நாடகத்துக்கு 'எக்ஸ்', கேரளத்துக்கு 'எல்'. செய்தி யாருக்குப் போகிறது என்பதை அது சொல்லாது, எங்கே வண்டி ஏறியது என்பதைச் சொல்லும். திருநெல்வேலியில் கணக்கு வைத்திருப்பவருக்கு மும்பை முத்திரையோடு செய்தி வருவது இதனால்தான். பழைய கடிதங்களில் தபால் முத்திரையைப் பார்த்து எந்த ஊரில் போட்டார்கள் என்று கண்டுபிடிப்போமே, அது மாதிரி.

2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி இந்தத் தலைப்புக்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது. விளம்பரம் என்றால் கடைசியில் 'பி', சேவைச் செய்தி என்றால் 'எஸ்', பரிவர்த்தனை என்றால் 'டி', அரசுச் செய்தி என்றால் 'ஜி'. இப்போது தலைப்பை எண்ணுங்கள். முன்னால் இரண்டு, கோடு ஒன்று, பெயர் ஆறு, மறுபடி கோடு ஒன்று, வால் ஒன்று. மொத்தம் 11. அனுப்புநர் பெயருக்கு ஜி.எஸ்.எம். ஒதுக்கியிருக்கும் இடம் பத்து பைட், அதாவது 80 பிட். ஏழு பிட் கணக்கில் அதில் 11 எழுத்துதான் பிடிக்கும், மூன்று பிட் மிச்சம். இந்திய விதி அந்தப் பெட்டியை ஓரெழுத்துகூடப் பாக்கி வைக்காமல் நிரப்பிவிட்டது. இன்னும் ஒரு வகை முத்திரை குத்த வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் இடமில்லை.

இத்தனை முத்திரை எதற்கு என்று கேட்டால், அதன் பின்னால் நம்முடைய பதினைந்து, இருபது ஆண்டுப் பொறுமையின்மை இருக்கிறது. அழைப்பும் செய்தியும் மலிவானதும் விளம்பரக்காரர்கள் குவிந்தார்கள். மனை விற்பவர், கடன் தருபவர், முடி வளர்ப்பவர், எல்லோருக்கும் நம் எண் தெரிந்திருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007-இல் தொந்தரவு வேண்டாதவர்களின் பதிவேட்டைத் தொடங்கியது. பெயர் கொடுத்தவர்களுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. 2010 டிசம்பரில் கடுமையான விதிகள் வந்தன. 1909 என்ற எண், எந்தத் துறை விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி, இரவு 9 முதல் காலை 9 வரை விளம்பரச் செய்திக்குத் தடை.

பதிவு செய்யாமல் சாதாரண சிம் கார்டில் ஆயிரக்கணக்கில் அனுப்புகிறவர்களை என்ன செய்வது? 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்மிலிருந்து நாளுக்கு 100 குறுஞ்செய்திதான் என்று டிராய் பூட்டுப் போட்டது. மாதம் இத்தனை ரூபாய்க்கு எஸ்.எம்.எஸ். பேக் போட்டு விடிய விடிய அரட்டை அடித்த கல்லூரி விடுதிகளை அந்த வாரம் பார்த்திருக்க வேண்டும். நவம்பரில் 200 ஆக உயர்த்தினார்கள். வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூலை 13 அன்று, விளம்பரத்தைத் தடுப்பது சரி, ஒரு குடிமகன் தன் நண்பருக்கு எத்தனை செய்தி அனுப்பலாம் என்று எண்ணிக்கை வைப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் அந்த வரம்பை நீக்கியது. எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்தது. ஓர் அரட்டைக்கு அரசியல் சாசனம் துணை வந்த தருணம் அது.

அடுத்த மாதமே இன்னொரு காட்சி. வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று செய்திகள் பரவி, பெங்களூரு ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பக் குவிந்தார்கள். நாடு முழுவதும் ஒருவர் நாளுக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு பதினைந்து நாளுக்குத் தடை போட்டது. சில நாளில் அதை இருபதாக்கியது. 140 பைட் மூட்டை ஒரு நகரத்தையே காலி செய்ய வைக்கும் என்று அப்போது தெரிந்தது. பிறகு டிராய் வேறு வழியில் வந்தது: எண்ணிக்கைக்குத் தடை இல்லை, நாளுக்கு 100-ஐத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 காசு. அது 2020 வரை நீடித்தது.

இன்று வணிகச் செய்திகளை ஆளும் விதி 2018 ஜூலையில் வந்தது. இதன் மையம் 'டிஎல்டி' என்று தொழிலில் எல்லோரும் சுருக்கிச் சொல்லும் பொதுப் பேரேடு. எல்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் ஒரே கணக்கைத் தங்களுக்குள் பகிர்ந்து வைத்திருக்கும் பிளாக்செயின் ஏற்பாடு. ஒரு கடை குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் முதலில் தான் யார் என்று ஆவணம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அடுத்து தன் ஆறெழுத்துப் பெயரைப் பதிய வேண்டும். அதற்கும் அடுத்து, அனுப்பப்போகும் வாசகத்தையே முன்கூட்டி எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். இதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். பெயர், தொகை, தேதி போல ஆளுக்கு ஆள் மாறும் இடங்களைக் காலியாக விடலாம், ஒரு காலியிடத்துக்கு 30 எழுத்து வரை. மற்றதெல்லாம் புள்ளி பிசகாமல் இருக்க வேண்டும். செய்தி கிளம்பும்போது இயந்திரம் அதைப் பதிவான வாசகத்தோடு வைத்துப் பார்க்கும். பொருந்தினால் போகும், இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். நம் வங்கி வருடக்கணக்கில் அதே வார்த்தைகளில் பேசுவதன் ரகசியம் இதுதான். வேறு வார்த்தையில் பேச வேண்டுமானால் அதற்கும் மனுப் போட வேண்டும்.

புதுமையாகத் தோன்றும், ஆனால் நம் தாத்தாக்களுக்கு இது பழக்கம். தந்தி அலுவலகத்தில் வாழ்த்துத் தந்திக்கென்று அச்சிட்ட வாசகப் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கல்யாண வாழ்த்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. எண்ணைச் சொன்னால் போதும், கம்பியில் எண் போகும், மறுமுனையில் முழு வாசகமாகத் தாளில் இறங்கும். 2013 ஜூலையில் தந்தி சேவை மூடப்பட்டது. ஐந்தே ஆண்டில் எண்ணிட்ட வாசகம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கு அது சிக்கனத்துக்காக, இன்றைக்குச் சந்தேகத்துக்காக.

அந்தச் சந்தேகம் நாட்டையே நிறுத்திய நாள் 2021 மார்ச் 8. விதி காகிதத்தில் வந்து இரண்டரை ஆண்டு கழித்து, அன்றுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்தை நிஜமாகவே முடுக்கினார்கள். பல நிறுவனங்கள் வாசகத்தைப் பதிவே செய்திருக்கவில்லை. பதிந்தவர்களுக்கும் ஓர் இடைவெளி கூடியிருந்தது, ஓர் எழுத்து மாறியிருந்தது. இயந்திரத்துக்கு இரக்கம் கிடையாது. ஓடிபி வரவில்லை. பணம் கட்ட முடியவில்லை, பொருள் வாங்க முடியவில்லை, தடுப்பூசிக்குப் பதிந்துகொள்ள முயன்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே டிராய் ஏழு நாளுக்கு அதை நிறுத்தி வைத்தது.

அதன் பிறகு வலை மெல்ல மெல்ல இறுகியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், முன்பே பதியாத இணைய முகவரி செய்திக்குள் இருந்தால் அது போகாது. அந்த ஆண்டு டிசம்பரில், செய்தி எந்தெந்தக் கை மாறி வந்தது என்ற சங்கிலி முழுவதும் தெரிந்தால்தான் ஏற்கப்படும் என்றார்கள். 2025 திருத்தத்தில், புகார் செய்யும் அவகாசம் மூன்று நாளிலிருந்து ஏழு நாளானது. பதிவில்லாத எண் ஒன்றின்மேல் பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை. மோசடிக்காரர்கள் ஓய்ந்துவிட்டார்களா என்றால் இல்லை, சாதாரணப் பத்து இலக்க எண்ணுக்கும் வாட்ஸ்அப்புக்கும் குடிபெயர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பயன் உண்டு. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது' என்ற செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால், அது வங்கி இல்லை என்று படிக்காமலேயே சொல்லிவிடலாம்.

இனி தமிழுக்கு வருவோம். 16 பிட் முறையில் 70 எழுத்து என்றேன். அது கணினியின் எழுத்து, நம் எழுத்து இல்லை. யூனிகோடில் 'க' ஓர் இடம். 'கா'வுக்கு இரண்டு: 'க' ஒன்று, கால் ஒன்று. 'க்' என்பதற்கும் இரண்டு, புள்ளிக்குத் தனி இடம். தமிழின் 247 எழுத்தில் ஓர் இடத்தில் அடங்குபவை உயிர் பன்னிரண்டு, அகரமேறிய மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக 31 மட்டுமே. மற்ற 216-க்கும் இரட்டை இடம். வடமொழியிலிருந்து வந்த 'ஸ்ரீ'க்கு நான்கு. இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரைதான். குறுஞ்செய்தியில் அதுவே நெடிலுக்குச் சமமாக இரண்டு டிக்கெட் வாங்குகிறது.

இதற்கு ஒரு தீர்வை யோசித்து வைத்தும் இருக்கிறார்கள். செல்பேசித் தரவிதிகளின் ஒன்பதாவது பதிப்பில் தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் தனித்தனி ஏழு பிட் பட்டியல் சேர்க்கப்பட்டது. 'இது தமிழ்ப் பட்டியல்' என்று தலையில் நான்கு பைட் செலவழித்துவிட்டால், ஒரே செய்தியில் 155 இடம் கிடைக்கும். 70 எங்கே, 155 எங்கே! ஆனால் அனுப்பும் கருவி, நடுவிலிருக்கும் வலைப்பின்னல், வாங்கும் கைப்பேசி மூன்றுக்குமே அந்தப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் மறுமுனையில் குப்பைதான் இறங்கும். ஓடிபியை வைத்து யார் அப்படிச் சூதாடுவார்கள்? அதனால் தமிழ்ச் செய்தி இன்றும் 16 பிட்டிலேயே போகிறது.

'உங்கள் கணக்கில் ரூ.500 வரவு வைக்கப்பட்டது.' எண்ணிப் பார்த்தேன். இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 42 இடம். மீதி 28. ஓர் இடைவெளி விட்டு, நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என்று தேதியைப் போட்டால் 53. இன்னோர் இடைவெளி விட்டு, இரண்டு நட்சத்திரமும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் போட்டால் 60. மறுபடி இடைவெளி, 'இருப்பு' என்ற சொல், 68. இருக்கும் இரண்டு இடத்தில் ஒன்று இடைவெளிக்குப் போய்விடும். மீதமுள்ள ஒன்றில் எழுத வேண்டுமானால், கணக்கில் ஒன்பது ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது.